‘ஏ’யில் தொடங்கும் கீபோர்டு

பையை மேலே வைக்க வேண்டாம் அங்கிள், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே லேப்டாப் இருக்கு. இந்த பஸ் போகிற போக்கில் மேலே வச்சா பாண்டிச்சேரி சேரும்போது பொடியாத்தான் இறக்கணும்.

“யாருப்பா அது, படியில தொங்குறது? உள்ள வா, உள்ள வா, உள்ள எவ்ளோ எடம் கெடக்குது!”

பயந்துட்டீங்களா? நான்தான். நிஜ கண்டக்டர் பின்னாடி டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கார். அதோ, திரும்பிப் பார்க்கிறார் பாருங்க. தன்னோட குரல் தனக்கு முன்னாடி எப்படிப் போச்சுன்னு யோசிக்கிறார்.

எனக்கு எல்லாக் குரலும் வரும் அங்கிள். பிஸிக்ஸ் சார் வரும். எங்க பங்குச் சாமியார் வரும், பிரசங்கத்துக்கு நடுவில் மூக்கு உறிஞ்சறது உட்பட. போன வருஷம் பிரின்சிபால் குரலில் ஸ்கூல் ஆபீஸுக்கு போன் போட்டு, மத்தியானம் லீவுன்னு சொல்லிட்டேன். பாதி ஸ்கூல் கேட்டுக்கு வெளியே வந்துடுச்சு. பிரின்சிபாலும் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினார்னு பசங்க சொல்வாங்க. அது மட்டும் பொய்.

இதில் மாஸ்டர்பீஸ் எங்க அப்பா குரல். இப்ப இல்லை, பாண்டி வரட்டும், கடைசியில் காட்டறேன். அதைக் கண்ட இடத்தில் இறக்க மாட்டேன்.

என் பேர் மக்சீம். அப்பா பேர் ஸ்தனிஸ்லாஸ். சிரிக்காதீங்க, பாண்டியில் இப்படித்தான் பேர் வைப்பாங்க. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கறவங்க எங்க ஊரில் நிறைய. அவங்களை ‘சொல்தா’ன்னு சொல்வோம். அவங்களுக்கு பாரிஸிலிருந்து ஏதாவது ஒரு பேப்பர் வந்துக்கிட்டே இருக்கும். ‘நீங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறீர்களா, நிரூபிக்கவும்’னு வருஷா வருஷம் கேட்பான். அதுக்கெல்லாம் பிரெஞ்சில் பதில் எழுதிக் கொடுக்கறதுதான் அப்பா வேலை. போனை எடுத்தா, “ஆம், ஸ்தனிஸ்லாஸ். சொல்லுங்க முசியே” அப்படிம்பார். முசியேன்னா பிரெஞ்சில் ஐயா. அந்த ‘ஆம்’ இருக்கே, அது வயித்திலிருந்து வரும். கோயில் ஆர்மோனியத்தில் இடது கோடிக் கட்டையை அமுக்கின மாதிரி.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. இப்ப கழுத்தில் சின்ன ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டிக்குவார்.

ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் அம்மாகிட்ட சொன்னார். “அவர் குரலைக் கொஞ்சம் போனில் பதிஞ்சு வச்சுக்கங்கம்மா. பின்னாடி தேடுவீங்க.” நான் டாக்டர் குரலிலேயே சொன்னேன், “அதெல்லாம் எதுக்குங்கம்மா, அதான் மக்சீம் இருக்கானே!” அந்த ரூமே சிரிச்சுது. நர்ஸ் அக்கா சிரிச்சாங்க, அப்பா சிரிச்சார், அதுதான் அவர் சத்தம் போட்டு... சரி, விடுங்க. யாரும் பதியலை. எதுக்குப் பதியணும்? என் தொண்டையில் இருக்கே.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாங்க. சிலேட்டில் அவர் எழுதறதெல்லாம் ஒத்தை வார்த்தை. ‘தண்ணி.’ ‘ஃபேன்.’ ‘வலி.’ ஆனா அவரோட லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தா அது வேற அப்பா. ரெண்டே விரல்தான், கீபோர்டைக் குனிஞ்சு பார்த்துத்தான் அடிப்பார், ஆனா என்ன வேகம்! பக்கத்து வீட்டுக்காரனைக் கிண்டல் பண்ணுவார், அம்மா வச்ச மீன்குழம்புக்கு மார்க் போடுவார், பழைய கதை சொல்வார். நான் பின்னாடி நின்னு ஸ்கிரீனைப் பார்த்து அப்பா குரலில் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்பார். அவ்வளவு கச்சிதமா இருக்கும்.

ஒரு நாள் ‘மக்சீம்,’ அப்படின்னு அடிச்சார். நான் உடனே அவர் குரலில், “மக்சீம்!”னு படிச்சேன். அவர் விரல் நின்னுடுச்சு. அப்புறம் அதை அழிச்சிட்டு ‘தண்ணி’ன்னு அடிச்சார். நானும் “தண்ணி”ன்னு அவர் குரலிலேயே படிச்சிட்டுப் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்படிப் பல தடவை ஆச்சு. மக்சீம்னு ஆரம்பிப்பார், அப்புறம் தண்ணியோ காபியோதான் வரும். ஆபரேஷனுக்கு அப்புறம் ஞாபகம் கொஞ்சம் தடுமாறும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அதான்.

அப்புறம் போன மழையில் கரண்ட் ஏறி இறங்கி, லேப்டாப் போர்டு போச்சு.

‘வேற லேப்டாப்பா இல்லை ஊரில்?’னு கேட்பீங்க. அங்கேதான் விஷயம். அப்பாவோடது பிரெஞ்சு கீபோர்டு, தமிழையும் அந்த எழுத்தில்தான் தட்டுவார். நம்ம கீபோர்டில் மேல் வரிசை க்யூவில் தொடங்கும். பிரான்ஸ்காரனுக்கு ஏயில் தொடங்கும். க்யூ ஒரு வரிசை கீழே கிடக்கும். எம் ஒரு மூலையில் இருக்கும். ஒண்ணு ரெண்டு அடிக்கணும்னா ஷிஃப்ட் அமுக்கணும், முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட். ஏன்னு கேட்டா, பிரான்ஸ்காரன் வாக்கியத்தை முடிக்கவே மாட்டான், புள்ளி எதுக்குன்னு அப்பா சொல்வார். அதாவது, அடிப்பார். நான் சொல்வேன்.

என் லேப்டாப்பைக் கொடுத்துப் பார்த்தேன். ரெண்டு வரி அடிக்க முழி பிதுங்கிடுச்சு, மூடி வச்சிட்டார். பிரெஞ்சு எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். வேர்வையில் ஸ்டிக்கரெல்லாம் நகர்ந்து, ஏ போய் எஸ் பக்கத்தில் குடித்தனம் வச்சிருந்தது. மறுபடியும் மூடி வச்சிட்டார். சிலேட்டை எடுத்தார்.

வேலை நிக்கக் கூடாதில்லையா? சொல்தாங்க போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அம்மா எடுத்தா ‘அவர் பேச முடியாதுங்க’ன்னு அழ ஆரம்பிச்சிடுவாங்க. அதனால் நான் எடுத்தேன். “ஆம், ஸ்தனிஸ்லாஸ். சொல்லுங்க முசியே.” அவ்வளவுதான், எல்லாரும் நம்பிட்டாங்க. ‘அடுத்த வாரம் எழுதித் தர்றேன் முசியே, கொஞ்சம் உடம்பு சரியில்லை’ன்னு சமாளிச்சேன்.

அந்துவான் தாத்தான்னு ஒருத்தர். எண்பது தாண்டினவர், அப்பா மேல் உயிர். அவர்கிட்டேயும் பேசினேன். மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ. பெரிய பிளம் கேக் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு இறங்கறார். “ஸ்தனி! குரல் வந்துடுச்சே! மாதா கண்ணைத் திறந்துட்டாளே! எங்கே, ஒரு வார்த்தை பேசு, நேரில் கேட்கணும்!”

அப்பா நாற்காலியில் இருந்து எழுந்து நின்னார். அந்துவான் தாத்தா அவர் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, முகத்துக்கிட்ட முகம் வச்சு, காத்திருக்கார். “பேசுப்பா. ஒரே ஒரு வார்த்தை.” அப்பா வாயைத் திறந்தார். கழுத்துத் துணி மட்டும் கொஞ்சம் உப்பி அடங்குச்சு.

நான் கதவுக்குப் பின்னாடி வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். சினிமாவில்கூட இப்படி வராது அங்கிள்! தாத்தா போனதும் வந்து பார்க்கிறேன், அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கிறார், தோள் ரெண்டும் குலுங்குது. அவருக்குச் சத்தம் வராதில்லையா, சிரிச்சாலும் தோள்தான் குலுங்கும். அப்படிச் சிரிச்சார் அன்னிக்கு. கண்ணில் தண்ணியே வந்துடுச்சு.

அப்புறம் சிலேட்டை எடுத்து ‘போதும்’னு எழுதிக் காட்டினார். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருக்கும். நானும் அதோட அந்தக் குரலை எடுக்கலை. அந்தக் கேக்கையும் யாரும் வெட்டலை. எறும்பு வந்துடுச்சு.

அம்மாவா? அம்மா ஒரு மாதிரி. அதுக்கு முன்னாடியே ஒரு நாள் அடுப்படியில் மாவு பிசைஞ்சுக்கிட்டு, திரும்பாமலேயே, “டேய், ஒரே ஒரு தடவை ‘ரொசாலி, காபி’ன்னு கூப்பிடுடா”ன்னாங்க. கூப்பிட்டேன். “இதோ வர்றேங்க”ன்னாங்க, அவங்களை அறியாமலே. அப்புறம் மாவுக் கையோட என் முதுகில் ஒண்ணு வச்சாங்க. “இனிமே என் காதுபட அந்தக் குரலைக் கொண்டு வந்தே, தோலை உரிச்சிடுவேன்.” கூப்பிடச் சொன்னதும் அவங்கதான், அடிச்சதும் அவங்கதான். ‘காபி’யில் கொஞ்சம் சுருதி விலகியிருக்கும்னு நினைக்கிறேன்.

திங்கக்கிழமை அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கறாங்க. சும்மா செக்கப்தான். பிரான்ஸில் இருக்கிற அத்தை டிசம்பரில்தான் வருவேன்னு சொல்லியிருந்தாங்க, இப்ப டிக்கெட்டை மாத்தி ஞாயிற்றுக்கிழமையே வர்றாங்க. பாசம். அவங்களையே லேப்டாப் வாங்கிட்டு வரச் சொல்லலாமேன்னு நானும் கேட்டேன். ‘அவ ஓடி வர்ற அவசரத்தில் அதையெல்லாம் சொல்லாதடா’ன்னுட்டாங்க அம்மா. என்ன ஓட்டமோ.

ஆனா அப்பாவுக்கு லேப்டாப் வேணும். அதுவும் திங்கக்கிழமைக்குள்ள வேணும். சிலேட்டில் எழுதி எழுதி அடிக்கோடு போட்டார். முதல் தடவையா ஒரு முழு வாக்கியம் எழுதினார்: ‘பிரெஞ்சு கீபோர்டு. ஸ்பீக்கர் நல்லா இருக்கணும்.’ பாட்டுக் கேட்க ஆசை போலிருக்கு, ஆஸ்பத்திரியில் பொழுது போகணுமே.

பாண்டியில் எல்லாக் கடையும் அலசிட்டேன். ஆன்லைனில் வர மாசக் கணக்காகும். வெளிநாட்டுப் பழைய லேப்டாப் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் மொத்தமா வந்து இறங்கும்னு ஒருத்தன் சொன்னான். போன் போட்டேன். என் குரலில் கேட்டா, “தம்பி, வேலை நேரம், போனை வைப்பா.” ஒரு கடையில் இல்லை, எல்லாக் கடையிலும். சரின்னு என் வெள்ளைக்காரக் குரல் முசியே லெஃபேவ்ரைக் களத்தில் இறக்கினேன்.

“அல்லோ! இங்கே முசியே லெஃபேவ்ஹ், பாந்திஷெஹி. உங்கள் கடையில் ஃப்ஹான்ஸ் லேப்தாப் இஹுக்கா?”

நிஸ்தார் பாய்னு ஒரு கடைக்காரர். எழுந்து நின்னே பேசியிருப்பார். “இருக்கு சார்! பிரான்ஸ் லாட்டு நேத்துதான் வந்துச்சு சார்! ஏ ஒன் கண்டிஷன் சார்! உங்களுக்குன்னு ஒண்ணு ரெடி பண்ணி வைக்கறேன் சார்!” “மெஹ்சி, நன்ஹி! என் பையனை அனுப்புவேன்.”

இன்னிக்குக் காலையில் போய் நிக்கிறேன். பளபளன்னு துடைச்சு வச்சிருக்கார். திறந்தா, க்யூ.

“பாய், இது இங்கிலீஷ் கீபோர்டு.”

“ஆமா தம்பி!” பெருமையா சொல்றார். “வர்றப்ப என்னமோ கிறுக்குக் கீபோர்டு, எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்துச்சு. வெள்ளைக்காரருக்குக் கொடுக்கறோம், பழசைக் கொடுக்கலாமா? பிடுங்கிப் போட்டுட்டு புத்தம் புதுசு மாட்டினேன். உங்க தொரைகிட்ட சொல்லு.”

எனக்கு வந்துச்சே கோபம்! அப்புறம்தான் ஞாபகம் வருது, அந்த ‘ஹ’ போடற ஜோரில் கீபோர்டுங்கிற வார்த்தையையே நான் சொல்லலை. சரி, தொரையே சொல்லட்டும்னு வெளியே வந்து, கடைக்குப் போன் போட்டேன். “அல்லோ, முசியே நிஸ்தாஹ்...” அந்தப் பக்கம் பதிலே இல்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், அந்தக் கடைக்குக் கதவு கண்ணாடி. பாய் காதில் போனை வச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கார்.

“உள்ளே வாங்க தொரை”ன்னார்.

உள்ளே ரிப்பேர் மேசையில் ஒரு அக்கா, சுகிர்தான்னு பேர். சால்டரிங்கைக் கீழே வச்சிட்டு மேசையில் தலையைக் கவுத்துச் சிரிக்கிறாங்க. பாய்க்கு மட்டும் சிரிப்பு வரலை. “யாருக்குடா இது? யாரை ஏமாத்த?” விஷயத்தைச் சொன்னேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பாய் குனிஞ்சார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்து நடுக்கடையில் கொட்டினார். முழுக்கப் பிடுங்கின கீபோர்டு அங்கிள்! ஜெர்மன்காரனோடது, அரபுக்காரனோடது, எழுத்துத் தலையில் வட்டம் போட்டது, கோடு போட்டது. “இதையெல்லாம் எவன் வாங்கறான்? எடைக்குத்தான் போடறது. தேடு.”

மூணு பேரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். கஸ்டமர் வந்தா பாய், “இன்னிக்கு இல்லை, நாளைக்கு வாங்க”ன்னு உட்கார்ந்த வாக்கிலேயே கையைக் காட்டினார். சுகிர்தா அக்காதான் கண்டுபிடிச்சாங்க. “ஏயில் தொடங்குது, இதுவா?” ஆமா. இதிலிருந்து கழட்டினதேதான். ‘இ’ எழுத்து பாதி அழிஞ்சிருந்தது. பிரான்ஸில் யாரோ ரொம்பப் பேசியிருக்காங்க.

மாட்டி முடிச்சதும், ஸ்பீக்கர் நல்லா இருக்கணும்னு அப்பா சொன்னதைச் சொன்னேன். அக்கா ஏதோ தட்டினாங்க. லேப்டாப் பேசுது! “வணக்கம். என். பெயர். சுகிர்தா.” பேங்கில் டோக்கன் நம்பர் கூப்பிடற குரல் இருக்கே, அதே.

“உங்க அப்பா என்ன அடிச்சாலும் இதுவே வாய்விட்டுப் படிச்சிடும். தமிழும் படிக்கும், பிரெஞ்சும் படிக்கும். அதுக்குத்தான் ஸ்பீக்கர் கேட்டிருக்கார்.”

“இல்லைக்கா, பாட்டுக்கு. படிக்க நான் இருக்கேன். அப்பா குரலிலேயே படிப்பேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அப்போ உங்க அப்பா உன்னைத் திட்டணும்னா?”

“நானே திட்டிக்குவேன். செமத்தியா திட்டுவேன்.”

“கொஞ்சணும்னா?”

நான் சிரிச்சேன். அக்கா சிரிக்கலை. மறுபடி சால்டரிங்கை எடுத்துக்கிட்டாங்க. பாய்தான், “விடும்மா, சின்னப் பையன்”ன்னு சொல்லிட்டு, இந்தப் பையைச் சும்மாவே கொடுத்தார். நல்ல பை இல்லை?

வீட்டுக்குப் போனதும் அந்த டோக்கன் குரலை ஆஃப் பண்ணிடுவேன். அப்பாவுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாரே.

ஒரு நிமிஷம், அம்மா போன்... ஆங் அம்மா. வாங்கிட்டேன். ஏயில்தான் தொடங்குது. அப்பா முழிச்சிருக்காரா?... ஏன், மறுபடியும் சாப்பிடலையா?... சரி, சரி. வந்துடறேன். மரக்காணம் தாண்டியாச்சு. அந்தப் பெரிய பெட்டி எதுக்கும்மா, செக்கப்புக்கு?... சரி, அழாதீங்க, பரண் மேலே இருக்கு, நான் வந்து எடுத்துத் தர்றேன்.

அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பெரிய பெட்டிதான்.

அப்பா வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்காராம். சாப்பிடலையாம். இதுக்காகத்தான். போனதும் அவர் மடியில் வச்சுடணும். ‘மக்சீம்’னுதான் ஆரம்பிப்பார், பாருங்க. இந்தத் தடவை நான் தண்ணியை முன்னாடியே கொண்டுபோய்ப் பக்கத்தில் வச்சுடுவேன்.

ஓ, அப்பா குரல்! சொன்னேனில்லை? சரி, கேளுங்க. என் மாஸ்டர்பீஸ்.

“ஆம், ஸ்தனிஸ்லாஸ். சொல்லுங்க முசியே.”

இல்லை, இருங்க. இதில் நிஸ்தார் பாய் கலந்துட்டார். காலையிலிருந்து அவரையே பேசிக்கிட்டு இருந்தேனில்லையா. இப்ப.

“ஆம்...”

இது பங்குச் சாமியார். ஆர்மோனியக் கட்டைன்னு சொன்னேனே, இன்னும் கீழே போகணும். கொஞ்ச நாளா எடுக்கலையா, அதான். எங்கே போயிடும், தொண்டையில்தானே இருக்கு? எனக்கும் இப்பதான் குரல் உடையுது, கட்டையாகுதுன்னு அம்மா சொன்னாங்க. கட்டையானா இன்னும் சுலபமாத்தானே வரணும்?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்க அங்கிள், காத்துச் சத்தத்தில் காது கேட்கலை. நீங்க அந்தப் பக்கம் பாருங்க. யாராவது பார்த்தா வராது. அப்பா என்னைக் கூப்பிடற மாதிரி பண்றேன், அது எனக்குத் தப்பவே தப்பாது.

“மக்சீம்.”

இல்லை.

“மக்சீம்!”

இது நான், அங்கிள். இது வெறும் என் குரல்.